காலமான அப்பா கூகுள் கணக்கில் எழுதிவைத்த கடிதம் இன்னும் வந்து சேரவில்லை: காரணம் என்ன?

கேட்டவர்:
அனைவருக்கும் வணக்கம். என் தந்தை சென்ற ஆண்டு ஐப்பசியில் காலமானார். தமக்குப் பின் எனக்கும் தம்பிக்கும் மின்னஞ்சலில் ஆளுக்கொரு கடிதம் வந்து சேரும்படி கூகுள் கணக்கில் ஏற்பாடு செய்திருப்பதாகவும், கணக்கு மூன்று மாதம் பயன்பாடின்றிக் கிடந்தால் அவை தாமாகவே புறப்பட்டுவிடும் என்றும் மருத்துவமனையில் சேர்வதற்கு முன்பே சொல்லியிருந்தார். ஆண்டுத் திவசமே நெருங்கிவிட்டது, கடிதங்கள் வரவில்லை. ஸ்பேம் பகுதி வரை இருவரும் தேடிவிட்டோம். அவர் ஏற்பாட்டை முழுமையாகச் செய்து முடிக்கவில்லையா, வேறு காரணம் இருக்குமா?

மறுமொழி 1:
தங்கள் இழப்புக்கு என் இரங்கல். அவர் குறிப்பிட்டது, 2013ஆம் ஆண்டு முதல் கூகுள் கணக்குகளில் இருந்துவரும் ‘இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்’ என்ற வசதியாக இருக்க வேண்டும். அதில் 3, 6, 12, 18 மாதங்களுள் ஒரு காலத்தைத் தேர்ந்தெடுத்து, பத்துப் பேருக்கு வரை செய்தி எழுதிவைக்கலாம். கணக்குக்கு உரியவர் இறந்துவிட்டாரா என்பதை அது அறியாது. கணக்கு அசைகிறதா இல்லையா என்பதை மட்டுமே பார்க்கும். உள்நுழைவு, ஜிமெயில் பயன்பாடு, தேடல் முதலிய செயல்பாடுகள், ஆண்ட்ராய்டு கைப்பேசி தானாகவே கூகுளைத் தொடர்புகொள்வது ஆகிய அனைத்துமே அசைவாகக் கணக்கில் கொள்ளப்படும். அவருடைய கைப்பேசி இப்போது யாரிடம் இருக்கிறது?

கேட்டவர்:
அம்மாவிடம் இருக்கிறது. எரிவாயு பதிவு, மின்கட்டணச் செய்தி, வங்கி ஓ.டி.பி. எல்லாம் அந்த எண்ணுக்கே வருகின்றன. காலையில் சுப்ரபாதம் கேட்பதும் அதில்தான். உறைக்குள் அப்பா செருகிவைத்த எல்.ஐ.சி. ரசீதைக்கூட அம்மா எடுக்கவில்லை. வேறு கைப்பேசி வாங்கித் தருகிறோம் என்றாலும் வேண்டாம் என்கிறார்.

மறுமொழி 1:
அப்படியானால் பெரும்பாலும் காரணம் அதுவே. தங்கள் தாயார் கைப்பேசியைப் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளும், அப்பாவின் கணக்கு உயிர்ப்புடன் இருப்பதாகவே பதிவாகிறது. மூன்று மாதத்தை எண்ணுவது தொடங்கவே இல்லை. வீட்டுத் தொலைக்காட்சியிலோ மடிக்கணினியிலோ அவருடைய கணக்கில் யூடியூப் திறந்திருந்தால் அதற்கும் இதே விளைவுதான்.

மறுமொழி 2:
இவ்வளவு காத்திருப்பு எதற்கு? கைப்பேசி கையில் இருக்கிறது. கணக்கு அமைப்புகளுக்குள் சென்று அந்தப் பக்கத்தைத் திறந்தால், எழுதிவைத்ததை இன்றே படித்துவிடலாமே.

மறுமொழி 1:
அந்தப் பக்கம் பெரும்பாலும் மறுபடியும் கடவுச்சொல்லைக் கேட்கும். அது கிடக்கட்டும், உள்ளே போய்க் கை தவறி ஏதேனும் மாற்றிவிட்டால், அவர் செய்துவைத்த ஏற்பாடே குலைந்துபோகும். மேலும், ஆளுக்கொரு கடிதம் என்று அவர் பிரித்து எழுதியிருக்கும்போது, தம்பிக்கு உரியதை அக்காவோ அக்காவுக்கு உரியதைத் தம்பியோ முந்திக்கொண்டு படிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கணக்கு அசையாமல் இருக்க அந்தக் கைப்பேசியை அணைத்துவைக்க வேண்டியிருக்கும். ஆனால் அதற்கு முன் ஒன்றை மறவாமல் செய்யுங்கள். செய்திகள் போன பிறகு கணக்கையே அழித்துவிடும்படி அமைக்கவும் அதில் வழி உண்டு. அவர் அதைத் தேர்ந்தெடுத்தாரா என்பது வெளியிலிருந்து தெரியாது. அப்படி அமைத்திருந்தால் கூகுள் போட்டோஸ், டிரைவ் எல்லாம் கணக்கோடு போய்விடும். ஆகவே கைப்பேசியில் உள்ள படங்களையும், வாட்ஸ்அப்பில் நீங்கள் காக்க விரும்பும் குரல் பதிவுகளையும் முதலில் ஒரு ஹார்டு டிஸ்கில் படியெடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப் கணக்கும் 120 நாள் பயன்படுத்தாவிட்டால் பொதுவாக நீக்கப்பட்டுவிடும்.

மறுமொழி 3:
இதைப் படித்த பிறகு நானும் என் பிள்ளைகளுக்கு எழுதிவைக்கலாம் என்று நினைக்கிறேன். இதற்கென்றே தனிச் சேவைகள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவற்றை நம்பலாமா?

மறுமொழி 1:
‘டெட் மேன்ஸ் ஸ்விட்ச்’ என்ற தளம் குறிப்பிட்ட இடைவெளியில் உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி, நீங்கள் இருக்கிறீர்களா என்று கேட்கும். வழக்கமான அமைப்பில் 30, 45, 52ஆம் நாள்களில் கேட்டு, பதில் இல்லையென்றால் 60ஆம் நாள் செய்தியை அனுப்பிவிடும். நீண்ட பயணத்திலோ மருத்துவமனையிலோ இருந்து பதிலளிக்கத் தவறினால், உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகளுக்கு விடைபெறும் கடிதம் போய்ச் சேர்ந்துவிடும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். இத்தகைய சிறு நிறுவனங்கள் உங்களுக்கு முன்பே மறைந்துவிடவும் கூடும். இத்துறையில் முன்னோடியான ‘டெத்ஸ்விட்ச்’ இப்போது இல்லை. ஐபோன் வைத்திருப்போருக்கு ஐ.ஓ.எஸ். 15.2 முதல் ‘லெகசி காண்டாக்ட்’ வசதி உண்டு. ஆனால் அது கணக்கில் உள்ள தகவல்களை உரியவரிடம் ஒப்படைப்பதே தவிர, கடிதத்தைத் தானாகக் கொண்டுசேர்ப்பதன்று.

எதில் எழுதினாலும் சொத்து விவரத்தை அதில் நம்பி விடாதீர்கள். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி உயிலுக்கு இரு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டமும் உயிலைத் தன் வரம்பிலிருந்து விலக்கியே வைத்திருக்கிறது. மின்னஞ்சலில் ‘வீடு இன்னாருக்கு’ என்று எழுதுவது பிள்ளைகளுக்குள் சண்டையை மூட்டத்தான் பயன்படும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. அம்மாவிடம் காரணத்தைச் சொன்னதும் உடனே ஒப்புக்கொண்டார். சிம் கார்டை வேறு கைப்பேசிக்கு மாற்றி, அதில் அம்மாவின் பெயரிலேயே புதுக் கணக்கு தொடங்கிவிட்டோம். தொலைக்காட்சியில் அப்பாவின் கணக்குதான் இருந்தது, அதிலிருந்தும் வெளியேறிவிட்டோம். படங்களைப் படியெடுத்து முடித்ததும் பழைய கைப்பேசியை அணைத்துவிடுவோம். மூன்று மாதம் என்பதை அந்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டுமா?

மறுமொழி 1:
ஆம், கடைசியாகக் கணக்கு அசைந்த நாளிலிருந்து எண்ணுங்கள். காலம் முடிவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு அவருடைய எண்ணுக்கும் மின்னஞ்சலுக்கும் கூகுள் எச்சரிக்கை அனுப்பும். அந்த எண் இப்போது அம்மாவிடம் இருப்பதால், அப்படி ஒரு குறுஞ்செய்தி வந்தால் அதிலுள்ள இணைப்பைத் தொட வேண்டாம், கைப்பேசியை உங்களிடம் காட்டினால் போதும் என்று அம்மாவிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.