கண்ணாடி ஷீட்டுல வெள்ளைத் திட்டு, கழுவினா போகல. சரக்கு மட்டமா?

மலைக்காப்பி (ஏற்காடு):
ஆர்க்கிட் வளர்க்க பத்துக்கு இருபதுல ஒரு கண்ணாடிக் கூடாரம் போடுறேன். ஐப்பசியில சேலத்துல 4 மி.மீ. சாதாக் கண்ணாடி முப்பது ஷீட் எடுத்தேன். இருபது கொண்டை ஊசி வளைவுலயும் ஒண்ணுகூட விரியல. வெல்டிங்காரர்தான் வரல. தார்பாய் போட்டு செவுத்துல சாய்ச்சது ரெண்டு மாசம் மழையிலயே கிடந்துச்சு. நேத்து பிரிச்சா ஷீட்டுக்கு ஷீட் ஒட்டிக்கிட்டு இருக்கு. பாதிக்கு மேல வெள்ளைத் திட்டு, சாய்ச்சுப் பார்த்தா தண்ணியில மண்ணெண்ணெய் சிந்தின மாதிரி கலர் கலரா மின்னுது. சோப்பு, வினிகர், எலுமிச்சை எல்லாம் போட்டாச்சு. விளிம்பு வேற பச்சையா இருக்கு. கடைக்காரர் "நல்ல சரக்குதாங்க"ன்னு போனை வெச்சுட்டார்.

பட்டறைக்காரன் (செவ்வாய்பேட்டை):
கடைக்காரர் சொன்னது சரிதாங்க. சாதாக் கண்ணாடியில நூத்துக்கு 70-73 பங்கு சிலிக்கா, அதாவது மணல். 13-14 சோடா (சோடியம் ஆக்சைடு), 9-10 சுண்ணாம்பு, கொஞ்சம் மெக்னீசியா. மணலை மட்டும் உருக்க 1700 டிகிரி வேணும். அதைக் குறைக்கத்தான் சோடா. சோடா மட்டும் போட்டா தண்ணியில கரைஞ்சிடும்னு சுண்ணாம்பு சேர்க்கறாங்க.

அந்தச் சோடாதான் வேலையைக் காட்டியிருக்கு. மாட்டின கண்ணாடியில மழை பட்டா வழிஞ்சு போயிடும், கவலையில்ல. ரெண்டு ஷீட்டுக்கு நடுவுல புகுந்த தண்ணிக்குப் போக்கிடம் கிடையாது. அது சோடியத்தை இழுத்து இழுத்துக் காரமாகி, கடைசியில சிலிக்காவையே அரிக்கும். மேல படிஞ்ச அழுக்கா இருந்தா வினிகர் எடுத்திருக்கும். இது கண்ணாடியே புண்ணானது. நடுவுல பேப்பர் வெச்சு, கூரைக்குக் கீழ காத்தோட்டமா நிக்க வெச்சிருக்கணும்.

பச்சை குறையில்லீங்க. மணல்ல இருக்கிற துளி இரும்புதான் காரணம்.

மலைக்காப்பி:
அப்ப முப்பதும் குப்பையா அண்ணா?

பட்டறைக்காரன்:
நகத்தால வருடிப் பாருங்க. வழவழன்னு இருந்தா சீரியம் ஆக்சைடு பவுடரைத் தண்ணியில குழைச்சு, கம்பளித் துணியால தேய்ங்க. சொரசொரப்பா இருந்தா விட்டுடுங்க, கை வலிதான் மிச்சம்.

தோட்டத்தம்பி (அஸ்தம்பட்டி):
ஆர்க்கிட்டுக்கு எப்படியும் நிழல்வலை கட்டுவீங்க. லேசா மங்கின ஷீட்டைப் பக்கச் சுவத்துக்கு மாட்டுங்க, செடி கோவிச்சுக்காது.

பட்டறைக்காரன்:
தம்பி சொல்றது சரி. ஆனா கூரைக்கு சாதாக் கண்ணாடியே வேண்டாங்க. 4 மி.மீ. சதுர அடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. உடைஞ்சா கத்தி கத்தியா தலையில இறங்கும். டஃபன்டு போடுங்க. 620 டிகிரிக்கு மேல காய்ச்சி, காத்தடிச்சு சட்டுனு ஆத்துறது. உடைஞ்சாலும் கற்கண்டு மாதிரி உதிரும். ஒண்ணு, டஃபன் பண்ணினப்புறம் அறுக்கவோ ஓட்டை போடவோ முடியாது. வெல்டிங்காரர் ஃபிரேமை முடிச்சதும் டேப் வெச்சு அளந்துட்டு ஆர்டர் கொடுங்க.

மலைக்காப்பி:
தேய்ச்சுப் பார்த்தேன். பதினொண்ணு தேறுச்சு, ஆறு கொஞ்சம் மங்கல், அது பக்கச் சுவத்துக்கு. மிச்சம் சொரசொரப்பு. வெல்டிங்காரர் வியாழக்கிழமை வரேன்னு சொல்லியிருக்கார், போன மாசமும் வியாழக்கிழமைதான் சொன்னார்.