கோயில் காட்டில் களை எடுக்கப் போனவர்கள், நடந்ததைச் சொல்லுங்கள்

கெடிலக்கரையான்:
கடலூர் பக்கம் ஒரு ஐயனார் கோயில் காடு. ஞாயிற்றுக்கிழமைக் குழு, உன்னிச்செடி (லாண்டானா என்கிற வெளிநாட்டுக் களை), கடப்பாரை, உங்களுக்குத் தெரிந்த கதைதான். தலைக்கு மேல் வளர்ந்த ஒரு புதரைப் பிடித்து இழுக்கும்போது ஆடு மேய்க்கிற ஆயா ஒருவர் ஓடி வந்தார். "அத்த வுடுப்பா, உள்ள பாரு."

தழையை விலக்கினால் நடுவில் முழங்கால் உயரத்துக்கு வீரை என்ற நாட்டு மரத்தின் கன்று ஒன்று. வெளியே எங்கும் ஒன்றுகூட இல்லை. "என் ஆடு தின்னாம வுட்டது இது ஒண்ணுதான். இத்த வெட்டிட்டு நீங்க பாட்டுக்குப் போயிடுவீங்க. நான் ஆட்ட எங்க ஓட்டறது?"

அவர் எங்கள்மேல் கோபப்பட்டாரா, கன்றுக்காகப் பேசினாரா, இன்றுவரை புரியவில்லை. புதரை அப்படியே விட்டுவிட்டு வந்தோம்.

முத்தியால்பேட்டை:
விட்டது தப்பு. அதன் பழத்தைக் கொண்டைக்குருவி தின்று காடு முழுக்க எச்சம் போடும். மேலோடு வெட்டினாலும் பயனில்லை, மறுபடி தழையும். தூருக்குக் கீழே இரண்டு விரற்கடை மண்ணைப் பறித்து ஆணிவேரை வெட்டுங்கள். புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போடுங்கள், வேர் பிடிக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் இளகியிருக்கும்போது செய்தால் பாதி உழைப்பு மிச்சம். அடுத்த மழைக்குக் கட்டாயம் திரும்பிப் போக வேண்டும், மண்ணில் கிடக்கும் விதை முளைக்கும். கன்றுக்கு ஆடுதான் பயம் என்றால் வேலிக்காத்தான் (சீமைக்கருவேலம்) முள்ளை வெட்டிச் சுற்றி வையுங்கள்.

என் அனுபவமா? கட்டுவிரியன் ஒன்று காலடியில் ஓடியது. அவ்வளவுதான்.

வானூரான்:
முத்தியால்பேட்டை சொல்கிற மாதிரி எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கிவிட முடியாது சார். ஆரோவில் பொட்டல் செம்மண்ணில் முதலில் நிழல் கொடுத்தது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அக்கேசியா. 'வொர்க் ட்ரீ' (வேலை மரம்) என்றே அங்கே அதற்குப் பெயர். 2011 டிசம்பர் 30 தானே புயலில் அவைதான் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. மறுநாள் கிளையை அறுத்து வழி எடுக்கும்போது பார்த்தேன், அடியில் இருந்த காசான், பாலை என்ற நாட்டு மரங்களின் கன்றுகள் வளைந்து கிடந்தாலும் வேர் பெயரவில்லை. அப்புறம் வெயில் உள்ளே விழுந்ததும் அக்கேசியா விதைதான் முந்திக்கொண்டு முளைத்தது. அதைக் கையால் பிடுங்கத்தான் ஆள் வேண்டியிருந்தது.

நெல்லிக்குப்பம் டீச்சர்:
நாட்டு நலப்பணித் திட்டப் பிள்ளைகளோடு ஒரு கோயில் காட்டுக்குப் போயிருந்தேன். ஊராட்சியில் அனுமதி வாங்கியாகிவிட்டது. பூசாரி, "சாமிகிட்ட யாரு கேட்டா?" என்றார். சிவப்பும் வெள்ளையுமாகப் பூவை இலையில் மடித்துப் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொன்னார். வெள்ளை வந்தால்தான் உத்தரவாம். சிவப்பு வந்தது. மண்வெட்டியும் கையுமாகப் பிள்ளைகள் என் முகத்தைப் பார்க்கிறார்கள்!

கடைசியில் அவரே இறங்கி வந்தார். "இரும்பு வேணாம், கையால வர்றத புடுங்கிக்கோங்க." ஈர மண், வேலிக்காத்தான் நாற்றெல்லாம் சுலபமாக வந்தது. முற்றிய தூர்கள் மட்டும் நிற்கின்றன. அடுத்த முறை வெள்ளைப் பூ வருமா தெரியாது.

கெடிலக்கரையான்:
முத்தியால்பேட்டை சார், வேர் வெட்டத் தெரியும். ஆயா கேட்டது ஆட்டைப் பற்றி. முள்ளைச் சுற்றி வைத்தால் கன்று பிழைக்கும், சரி, ஆயா எங்கே மேய்ப்பார்? மேய்ச்சலுக்கு வேறு இடம் பேசி முடித்த ஊர்க்காரர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.