அந்த ஓராண்டை யார் கணக்கில் எழுதுவது?

ஓடக்கரை: சீன மூலிகைக் குடிநீரை ஓராண்டுக்கு மேல் அருந்தினால், அறுவைக்குப் பின் பெருங்குடல் புற்று திரும்புவது குறையும் என்று மருதம் நேற்று அடித்துச் சொல்லியிருக்கிறார். அவர் காட்டும் 2017ஆம் ஆண்டு ஆய்வு, சீன மருத்துவமனைகளில் வேறு உறுப்புகளுக்குப் பரவாத இரண்டாம், மூன்றாம் நிலை நோயாளிகள் 312 பேரைப் பின்தொடர்ந்தது. ஓராண்டுக்கு மேல் அருந்தியவர்களை அது தனிப்பிரிவாக வைத்தது. எட்டாம் மாதத்தில் நோய் திரும்பி இறந்தவர் ஓராண்டு எப்படிக் குடித்திருப்பார்? அவர் தானாகவே எதிர்ப் பட்டியலில் விழுகிறார். குடிநீர் ஆளைக் காத்ததா, பிழைத்திருந்த ஆள் குடிநீரைக் குடித்தாரா?

மருதம்: தலைப்பைப் படித்ததும் தீர்ப்பு எழுதும் பழக்கம் உங்களுக்கு இன்னும் போகவில்லை. அது பழைய ஏடுகளைப் புரட்டி எழுதியதன்று. நோயாளிகளை முதலிலேயே பதிவுசெய்து பின்தொடர்ந்தது. நாடி பார்த்து ஆளுக்கொரு கலவை எழுதித் தரும் மருத்துவத்தில், உட்கொண்ட அளவைக் காலத்தால் குறிக்காமல் வேறு எதனால் குறிப்பார்கள்?

ஓடக்கரை: முதலிலேயே பதிவுசெய்தாலும், ஒருவர் எந்தப் பக்கம் என்பது ஓராண்டு முடிந்த பிறகுதானே தெரியும்? நான் கேட்டது அந்த ஓராண்டை.

நெல்லிக்கனி: சீன மூலிகையிலிருந்து மருந்து கண்ட து யூயூவுக்கு 2015இல் நோபல் பரிசு கொடுத்தவர்களும் உங்களைக் கேட்டுத்தான் கொடுத்திருக்க வேண்டும் போலிருக்கிறது.

ஓடக்கரை: அவர் பிரித்தெடுத்தது மலேரியாவுக்கான ஒற்றைச் சேர்மம். பெருங்குடலுக்கே எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் நான் தருகிறேன். இரினோடெகான் என்னும் புற்றுமருந்து பிறந்தது சீனத்தின் சிஷூ மரத்திலிருந்து. பரவிய பெருங்குடல் புற்றில் அது வேலை செய்கிறது. ஆனால் மூன்றாம் நிலையில், அறுவைக்குப் பின் வழக்கமான மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்துச் சோதித்தபோது, நோய் திரும்புவதைத் தடுப்பதில் எதிர்பார்த்த பயன் கிடைக்கவில்லை. பயனுள்ள மருந்துக்கே இந்தக் கதி என்றால், பத்துப் பதினைந்து வேர்களைக் கொதிக்க வைத்த நீருக்குத் தனிச் சலுகை எதற்கு?

மருதம்: சீன மருந்தான ஹுவாயர் காளான் குறுணையை 1044 பேரிடம் சோதித்து 2018இல் வெளியிட்டார்களே, அது உங்கள் கண்ணில் படாதா? 96 வாரத்தில் நோய் திரும்பாதவர்கள் 62.39 விழுக்காடு, மருந்தில்லாதவர்களில் 49.05. அங்கே குலுக்கல் முறையில்தான் பிரித்தார்கள்.

ஓடக்கரை: அது கல்லீரல் புற்று. எதிர்ப்பிரிவுக்கு ஒப்பிட்டுப் பார்க்க மருந்துபோலத் தோன்றும் வெற்றுப் பொருளும் கொடுக்கவில்லை. குடலைக் கேட்டால் கல்லீரலைக் காட்டுகிறீர்கள். ஓராண்டைக் கேட்டால் வாரக்கணக்குச் சொல்கிறீர்கள்.

பனித்துளி: என் அம்மாவுக்கு வேதிச்சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது. இப்போது இதைக் கொடுக்கலாமா, கூடாதா?

நெல்லிக்கனி: மருத்துவரிடம் சொல்லாமல் கொடுக்காதீர்கள், அம்மா. ஓடக்கரை அவர்களே, 'குடிநீர்' என்று எழுதிவிட்டு 'கொதிக்க வைத்த நீர்' என்று இறக்கிப் பேசுவது என்ன நாகரிகம்?

ஓடக்கரை: 1990களில் பெல்ஜியத்தில் ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா என்னும் நச்சுச் செடி கலந்து, எத்தனையோ பேரின் சிறுநீரகம் கெட்டுப்போனது. அதைவிடவா என் சொல் இறக்கம்?

மருதம்: அது உடல் இளைப்பதற்குக் கொடுத்த மருந்து. கல்லீரலைக் கொண்டுவந்தால் குற்றம், சிறுநீரகத்தைக் கொண்டுவந்தால் நியாயமா? அக்குபங்சர் பற்றிய விவாத இழையிலும் இப்படித்தான் பேச்சை மாற்றிவிட்டுக் காணாமல் போனீர்கள்.

ஓடக்கரை: நான் எங்கும் போகவில்லை, அந்த இழையைப் பூட்டிவிட்டார்கள். எட்டாம் மாதத்தில் இறந்தவரை எந்தப் பட்டியலில் எழுதுவீர்கள்?

மருதம்: உங்கள் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள்.