‘ஓகே’ பொத்தானுக்கு ஒரே சொல் போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

செயலிகளைத் தமிழாக்கும்போது ‘ஓகே’ வரும் இடமெல்லாம் ‘சரி’ என்றே போட்டுவிடலாம் என்று சென்ற மடலில் முன்மொழியப்பட்டது. பேச்சில் அது பொருந்தும். செயலியில் பொருந்தாது என்பது என் கருத்து. போன வாரம் இங்கே பினாங்கில் அம்மா தம் கைப்பேசியில் ஒரு படத்தைத் திறக்க முயன்றபோது, ‘கோப்பைத் திறக்க இயலவில்லை’ என்ற செய்தியும் அதன் கீழே ‘சரி’ என்ற பொத்தானும் வந்தன. “திறக்கவில்லை என்கிறது, அப்புறம் என்ன சரி?” என்று கேட்டவர், அதைத் தொடாமலே என்னிடம் நீட்டினார்.

‘ஆல் கரெக்ட்’ (all correct) என்பதை வேண்டுமென்றே ‘oll korrect’ என்று பிழையாக எழுதி, அதன் முதலெழுத்துகளை மட்டும் எடுத்துக்கொண்ட வேடிக்கையாக 1839 மார்ச் 23 அன்று பாஸ்டன் நாளிதழ் ஒன்றில் அச்சேறிய ‘ஓகே’, மறு ஆண்டுத் தேர்தலில் ‘ஓல்டு கிண்டர்ஹூக்’ என்று அழைக்கப்பட்ட அமெரிக்க அதிபர் வான் பியூரனின் ஆதரவாளர்களால் மேலும் பரவியது. எல்லாம் செம்மை என்று பிறந்த சொல், இன்று ‘தெரிந்துகொண்டேன்’ என்ற அளவுக்கும் இறங்கியிருக்கிறது. நம் ‘சரி’யையும் இழுத்துச் சொன்னால் அப்படித்தான் ஒலிக்கும், ஆனால் பொத்தானுக்குக் குரல் இல்லையே.

விதிமுறைகளுக்கு உடன்படும் இடம் வேறு. மலாயில் அதற்கு ‘செத்துஜு’ என்ற சொல் தனியே நிற்கிறது. நன்னூல் எட்டு வகை விடைகளுள் உடன்பட்டுச் சொல்வதை ‘நேர்’ என்கிறது, ‘இது செய்வாயா?’ என்றால் ‘செய்வேன்’ என்பது நேர்விடை. தைப்பூசத்தன்று இங்குள்ள தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் சுமக்கும் நேர்த்திக்கடனிலும் அந்தச் சொல்லே வாழ்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சொல்தான் என்றாலும், இன்றைய வழக்கில் விபத்துதான் நேர்கிறது என்பதால் ‘நேர்கிறேன்’ எடுபடாது. ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்பதிலோ குற்றவாளிக் கூண்டின் வாடை அடிக்கிறது. ஆகவே இவ்விடத்துக்கு ‘இசைகிறேன்’ என்பதை முன்வைக்கிறேன். கோப்பை அழிக்கலாமா என்று கேட்கும் இடத்தில் ‘ஓகே’யே வேண்டாம், ‘அழி’ என்று வினையையே எழுதிவிடலாம்.

பிழைச் செய்திக்கு ‘அறிந்தேன்’ என்று வைக்க நினைத்து, தாளில் எழுதி அம்மாவிடம் காட்டினேன். “ஒன்றும் புரியாமல் அறிந்தேன் என்று எப்படி அழுத்துவது?” என்கிறார். ‘மூடு’ என்பதே போதுமா, வேறு சொல் உண்டா என்று மறுமொழி எழுத வேண்டுகிறேன்.

அன்புடன்,
ஜார்ஜ் டவுனிலிருந்து