துணை அதிபரின் 'மினிஸ்டீரியல்' கடமை: தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம். முதுகலை அரசியல் அறிவியல் மாணவர்களுக்கான பாடக்குறிப்பு நாளை மாலைக்குள் அச்சுக்குப் போக வேண்டும். அமெரிக்க அதிபர் தேர்தல் முடிவுகளைச் சரிபார்த்து உறுதிசெய்யும் 1887ஆம் ஆண்டுச் சட்டத்தை 2022 டிசம்பரில் திருத்தினார்களே, அதைப் பற்றியது. முன்பு ஆட்சேபம் எழுப்ப அவைக்கு ஓர் உறுப்பினர் போதும். இப்போது ஒவ்வோர் அவையிலும் ஐந்தில் ஒரு பங்கினர் கையெழுத்திட வேண்டும். இதெல்லாம் சுலபமாக வந்துவிட்டது. வாக்குகளை எண்ண இரு அவைகளும் கூடும் கூட்டுக் கூட்டத்தில் துணை அதிபரின் வேலை முற்றிலும் 'மினிஸ்டீரியல்', அதாவது சொந்த முடிவுக்கு இடமில்லாதது, என்கிறது சட்டம். அங்கேதான் நிற்கிறேன்.
– செ.

செ. அம்மா, சொல் ஏற்கெனவே இருக்கிறது. ஆட்சியர் அலுவலகத்து இளநிலை உதவியாளர்களை 'அமைச்சுப் பணியாளர்' என்றுதானே சொல்கிறோம்? கோப்பை எழுதி மேலே வைப்பார், முடிவு அவருடையது அல்ல. 'அமைச்சுக் கடமை' என்று போடுங்கள்.
– வெ.

எங்கள் பக்கம் அமைச்சு என்றால் கல்வி அமைச்சு, நிதி அமைச்சு. துணை அதிபருக்கு ஏதோ இலாகா கிடைத்திருக்கிறது என்று பிள்ளைகள் பரீட்சையில் எழுதிவிடுவார்கள்.
– ந., யாழ்ப்பாணம்

லத்தீனில் 'மினிஸ்டர்' என்பவன் ஏவலாள், பிற்பாடுதான் மந்திரியானான். நம் அமைச்சனோ குறள் காலத்திலிருந்தே யோசனை சொல்கிறவன். (அமை என்பதிலிருந்து வந்தவன் என்பது என் கட்சி. 'அமாத்யன்' என்ற வடசொல்லிலிருந்து என்பவர்கள் தனி மடல் போடட்டும்.) ஆகவே 'ஏவற்கடமை'.

இன்னொன்று. இந்தச் சிக்கலின் வேரே ஒரு செயப்பாட்டு வினை. செனட்டின் தலைவர் (துணை அதிபர்தான்) மாநிலங்கள் அனுப்பிய வாக்குச் சான்றிதழ்களைத் திறப்பார், 'பிறகு வாக்குகள் எண்ணப்படும்' என்கிறது அமெரிக்க அரசமைப்பின் 12ஆவது திருத்தம். யாரால்? எழுவாய் இல்லை! 1876இல் ஃபுளோரிடா, லூசியானா, தென் கரோலினா மூன்றும் ஒன்றுக்கொன்று முரணான இரட்டைச் சான்றிதழ் அனுப்பியபோது இதில்தான் மாட்டிக்கொண்டார்கள். 15 பேர் ஆணையம் போட்டு, 8க்கு 7 என்று ஒவ்வொன்றாகத் தீர்த்து, வேட்பாளர்களில் ஹேய்ஸ் 185, டில்டன் 184 என்று முடிந்தது. 2021இல் அப்போதைய துணை அதிபர் பென்ஸை, முடிவை மாற்றச் சொல்லி நெருக்கியவர்களும் இதே ஓட்டையில்தான் கைவிட்டார்கள். தமிழில் 'எண்ணு' என்றால் கருது என்றும் பொருள். துணை அதிபர் கணக்கிடலாம், கருதக் கூடாது என்பதே புதிய சட்டம்.
– பு.

பு. ஐயா, மாணவர்களுக்கு நாளை குறிப்பு வேண்டும். 'சடங்குக் கடமை' போதாதா?
– க.

போதாது, தம்பி. சடங்கை விட்டுவிட்டாலும் கல்யாணம் செல்லும். இந்தக் கணக்கைச் செய்தே ஆக வேண்டும். 2025 ஜனவரி 6இல் கமலா ஹாரிஸ் தம் தோல்வியை, 312க்கு 226 என்று, தாமே அறிவித்தாரே, அதைச் சடங்கு என்பீர்களா?
– பு.

உத்திரமேரூர்க் கல்வெட்டை மறந்துவிட்டோம். குடத்திலிருந்து எடுத்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கி வாசிக்க வேண்டும். ஒளிக்க முடியாது, மாற்ற முடியாது. இதைவிடப் பொருத்தமான ஆள் யார்? 'மத்தியஸ்தக் கடமை'.
– மு.

மத்தியஸ்தம் என்றால் இன்று பஞ்சாயத்து. சட்டம் எதைத் தடுக்கிறதோ அதையே கையில் கொடுப்பதாகிவிடும். வடசொல் வேறு.
– பு.

வடசொல் என்பதற்காகத் தள்ளுவதாக இருந்தால் 'அதிபர்' என்பதை என்ன செய்யப் போகிறீர்கள்?
– மு.

அந்தச் சண்டைக்கு இன்னொரு இழை தொடங்குங்கள், தயவுசெய்து. இதுவரை 'விருப்புரிமையற்ற கடமை'க்கு நால்வர், ஏவற்கடமைக்கு இருவர். நீளம்தான், ஆனால் ஆளுநரின் விருப்புரிமை பற்றி நாளிதழில் படித்தவர்களுக்கு உடனே விளங்கும். அதையே அனுப்புகிறேன். ஏவற்கடமை முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் இருக்கும்.
– செ.

'அற்ற' போட்டு எதிர்மறையாகச் சொல்வது கலைச்சொல் இல்லை, விளக்கம். என் மாற்றுக் கருத்தைப் பதிந்துகொள்ளுங்கள். இளநிலை உதவியாளர்களுக்கு இனி என்ன பெயர் என்றும் யாராவது சொல்லுங்கள்.
– வெ.