+1 முடிச்ச பொண்ணை மறுபடியும் 11-ஆம் கிளாஸ் இங்கிலீஷ் எடுக்கச் சொல்றாங்க, நாளைக்கு மீட்டிங், அவசரம்

மதுரை அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். மதுரையிலேர்ந்து கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்துல இருக்கற பிராம்ப்டன் வந்த புதுசு. பொண்ணு ஊர்ல +1 முடிச்சுட்டா, நல்லா படிக்கிற பிள்ளை. இங்க ஸ்கூல்ல மத்ததெல்லாம் 12, இங்கிலீஷ் மட்டும் 11-ன்னு போட்டிருக்காங்க. "ஒரு வருஷம் போச்சு, எல்லாம் உங்களாலதான்"னு ரூம் கதவைச் சாத்திக்கிட்டு அழறா. அவங்க அப்பா ஆபீஸ் டென்ஷன்ல வாயே திறக்கிறதில்ல. நாளைக்குக் காலையில ஸ்கூல்ல கோர்ஸ் எடுக்க வழி சொல்ற கைடன்ஸ் கவுன்சிலரைப் பார்க்கணும். என்ன பேசறது? யூனிவர்சிட்டி கிடைக்குமா?

வெல்லஸ்லி பழசு:
தங்கச்சி, உதுக்கெல்லாம் அழலாமோ? நான் 1991-ல வரேக்கை ஊரிலை ஏ.எல்., உங்கட +2 மாதிரி, பாதியிலை விட்டுட்டு வந்தனான். டொராண்டோவிலை வெல்லஸ்லி, பார்லிமென்ட் தெருப் பக்கம் ஒரு அப்பார்ட்மென்டுக்குள்ளை பாய் விரிக்க இடமில்லாத அளவுக்குச் சனம். பள்ளிக்கூடம் விட நேரா ஒரு சாப்பாட்டுக் கடையிலை கோப்பை கழுவப் போறது, சாமத்திலை வந்து கையிலை சவுக்கார மணத்தோட ஷேக்ஸ்பியர் படிக்கிறது. அப்ப 13-ஆம் வகுப்பும் இருந்தது, ஓஏசி எண்டு சொல்லுறது. 2003-ஓட அதை எடுத்துப்போட்டாங்கள். இப்பத்தைப் பிள்ளையளுக்கு அந்த ஒரு வருசமே லாபம். அதுசரி, பனிக்குப் போடுற சினோ சப்பாத்து வாங்கிட்டியளோ?

டல்லாஸ் கோவைக்காரன்:
நானா இருந்தா பாட்டி வீட்ல விட்டு +2-வை அங்கயே முடிக்க வச்சிருப்பேன். கடைசி வருஷத்துல ஊர் மாத்துறதே தப்பு. நாளைக்கே மெடிக்கல்னு ஆசைப்பட்டா நீட்டுக்கு யார் கோச்சிங் கொடுப்பாங்க? இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல, டிக்கெட் போடுங்க.

மார்க்கம் ரெண்டு பிள்ளை அம்மா:
வந்து இறங்கின பிள்ளையைத் திருப்பி அனுப்பச் சொல்றீங்களே சார்! இங்க +2 மாதிரி பப்ளிக் எக்ஸாம் கிடையாது, ஸ்கூல்ல டீச்சர் போடற மார்க்தான். இங்கிலீஷை மட்டும் ஏதாவது பிரைவேட்ல சம்மர் கோர்ஸ் மாதிரி முடிச்சிடுங்க. சீக்கிரம் முடியும், மார்க்கும் தாராளம்.

ஸ்காபரோ அப்பா:
அந்த வழி வேண்டவே வேண்டாம். காசுக்கு மார்க் போடற இடங்கள் எதுன்னு யூனிவர்சிட்டிக்காரங்களுக்குத் தெரியாதா? வெளியில எடுத்த கோர்ஸ்னாலே சில புரோகிராம்ல ஒரு மாதிரிதான் பார்ப்பாங்க. என் பையன் 90-க்கு மேல வாங்கியும் ஆசைப்பட்ட கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கல. எல்லார் கையிலயும் 95 இருக்கு, அப்புறம் 90-க்கு என்ன மதிப்பு? பேஸ்மென்ட் வாடகை, கார் இன்சூரன்ஸ்... பிராம்ப்டன்ல இன்சூரன்ஸ் எவ்வளவுன்னு கேட்டீங்களா?

டல்லாஸ் கோவைக்காரன்:
அதைத்தானே நானும் சொன்னேன்.

வெல்லஸ்லி பழசு:
நீங்கள் டெக்ஸாசிலை இருந்துகொண்டு கனடாப் பள்ளிக்கூடம் பற்றிக் கதைக்கிறியள். இன்சூரன்ஸ் பற்றிக் கதைச்சா எனக்கு பிரஷர் ஏறும்.

பீல் செட்டில்மென்ட் அக்கா:
இன்சூரன்ஸை அப்புறம் புலம்பிக்கலாம், அவங்களுக்கு நாளைக்குக் காலையில மீட்டிங். மதுரை அம்மா, ஸ்கூலுக்குப் புதுசா வர்ற குடும்பங்களோடதான் என் வேலை. நீங்க மூணு விஷயம் சொல்லவே இல்ல: ஸ்டேட் போர்டா சிபிஎஸ்இ-யா, ஸ்கூல்ல செமஸ்டரா முழு வருஷமா, நீங்க பிஆர்-ல, அதாவது நிரந்தரமா இருக்கற அனுமதியில வந்தீங்களா, வேலை பெர்மிட்டா. அதுக்குள்ள பொதுவா சொல்றேன்.

செமஸ்டர் ஸ்கூல்னா ஒரு வருஷமும் போகல. செப்டம்பர்லேர்ந்து ஜனவரி வரை 11 இங்கிலீஷ், பிப்ரவரியில 12 இங்கிலீஷ், அதாவது இஎன்ஜி4யு. ரெண்டும் ஜூனுக்குள்ள முடிஞ்சிடும். அதை டைம்டேபிள்ல இப்பவே போடச் சொல்லுங்க. கோர்ஸ் கோட்ல கடைசி எழுத்து யு-வா (யூனிவர்சிட்டிக்கானது) இருக்கான்னு பாருங்க, சி-ன்னு (காலேஜுக்கானது) இருந்தா யூனிவர்சிட்டிக்கு உதவாது. அப்ளை பண்ண 12-ஆம் கிளாஸ்ல யு அல்லது எம் (யூனிவர்சிட்டி, காலேஜ் ரெண்டுக்கும் பொதுவானது) கோர்ஸ் ஆறு வேணும். இன்ஜினியரிங் ஆசைன்னா கணக்குல ரெண்டு பேப்பர்: முதல் செமஸ்டர்ல அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸ், அடுத்ததுல கால்குலஸ். ஒன்டாரியோ யூனிவர்சிட்டிகளுக்குப் பொதுவா அப்ளை பண்ற ஓயுஏசி அப்ளிகேஷன் பெரும்பாலும் ஜனவரி நடுவுல முடியும், அப்போ 12 இங்கிலீஷுக்குப் பேர் பதிஞ்சிருக்கறது தெரியணும்.

ஸ்கூல் முடிச்சதுக்குக் கொடுக்கற டிப்ளமாவுக்கு மொத்தம் 30 கிரெடிட், பொதுவா ஒரு கோர்ஸ் பாஸானா ஒரு கிரெடிட். ஊர்ல படிச்சதுக்கு எத்தனை கொடுக்கறதுன்னு முடிவு பண்றது பிரின்சிபால். எத்தனைன்னு எழுத்துல வாங்கிக்கோங்க. படிக்க எழுத வருதான்னு பார்க்கற லிட்டரசி டெஸ்ட் உண்டா, டிப்ளமாவுக்குச் செய்ய வேண்டிய 40 மணி நேர வாலண்டியர் வேலையில எவ்வளவு செய்யணும்னும் கேளுங்க, நடுவுல வர்ற பிள்ளைங்களுக்குக் குறைக்கலாம். கோயில்லயோ லைப்ரரியிலயோ செய்யலாம், ஆனா ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஸ்கூல்ல கேட்டுக்கோங்க.

மதுரை அம்மா:
அக்கா, ரொம்ப நன்றி. ஸ்டேட் போர்டு, இங்கிலீஷ் மீடியம். ஸ்கூல் செமஸ்டர்தான், இப்பதான் டைம்டேபிளை எடுத்துப் பார்த்தேன். ரெண்டாவது செமஸ்டர்ல இங்கிலீஷே இல்ல! பிஆர் இன்னும் இல்ல, அவருக்கு கம்பெனி பேர் போட்ட வேலை பெர்மிட்.

பீல் செட்டில்மென்ட் அக்கா:
இதைத்தான் முதல்லயே சொல்லியிருக்கணும். ஸ்கூல்ல ஃபீஸ் கிடையாது, கவலை வேண்டாம். யூனிவர்சிட்டிதான் விஷயம். ஓசாப்ங்கற ஒன்டாரியோ அரசோட படிப்புப் பண உதவி சிட்டிசன், பிஆர், அகதி அந்தஸ்து கிடைச்சவங்களுக்கு மட்டும். வெளிநாட்டு மாணவர் ஃபீஸ்லேர்ந்து, ஒன்டாரியோவுல வேலை பார்க்கறவங்க பிள்ளைக்கு விலக்கு கிடைக்கலாம். பெர்மிட்ல என்ன எழுதியிருக்கு, எத்தனை மாசத்துக்குங்கறதைப் பொறுத்தது. ஒவ்வொரு யூனிவர்சிட்டி ரெஜிஸ்ட்ரார் ஆபீஸுக்கும் தனித்தனியா மெயில் போடுங்க. ஸ்டடி பெர்மிட்டுக்கு அவளுக்கு 18 ஆகறதுக்கு முன்னாடியே அப்ளை பண்ணிடுங்க. ஊர்ல இங்கிலீஷ் மீடியம்னாலும் சில யூனிவர்சிட்டி ஐஇஎல்டிஎஸ்ங்கற இங்கிலீஷ் டெஸ்ட் கேட்கும், அதையும் அந்த மெயில்லயே கேட்டுக்கோங்க.

ஸ்காபரோ அப்பா:
இந்த விலக்கு விஷயம் எனக்கே தெரியாது. என்கிட்ட யாரும் சொல்லலையே!

மதுரை அம்மா:
நாளைக்கு +1 மார்க் ஷீட் ஒரிஜினலைக் கேட்டா கொடுத்துடலாமா? கையில ஒண்ணுதான் இருக்கு.

பீல் செட்டில்மென்ட் அக்கா:
ஒரிஜினலைக் காட்டுங்க, காப்பியைக் கொடுங்க. 10-ஆம் கிளாஸ் மார்க் ஷீட்டையும் எடுத்துட்டுப் போங்க. பொண்ணையும் கூட்டிட்டுப் போங்க, ரெண்டாவது செமஸ்டர் இங்கிலீஷை அவளே கேட்கட்டும்.