'ஓகே கானரி' இத்தாலியப் பிரதி எங்கே கிடைக்கும்?

வணக்கம் நண்பர்களே. ஆல்பர்ட்டோ டி மார்ட்டினோ இயக்கி 1967இல் வந்த 'ஓகே கானரி' என்ற இத்தாலிய உளவுப் படத்தைத் தேடுகிறேன். ஹீரோ யார் தெரியுமா? ஜேம்ஸ் பாண்டாக நடித்த ஷான் கானரியின் சொந்தத் தம்பி நீல் கானரி! எடின்பரோவில் சுவர் பூச்சு வேலை பார்த்தவர். பாண்ட் படங்களில் பாண்டின் மேலதிகாரி 'எம்' ஆக வந்த பெர்னார்ட் லீ, எம்மின் செயலாளர் மணிபென்னியாக வந்த லூயிஸ் மாக்ஸ்வெல், 'தண்டர்பால்' பாண்ட் பட வில்லன் அடோல்ஃபோ செலி என்று அங்கிருந்தே ஆட்களைக் கூட்டி வந்துவிட்டார்கள். அந்தத் துணிச்சல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இசை எனியோ மோரிக்கோனேயும் புருனோ நிக்கோலாயும்.

ஆங்கிலப் பிரதியில் நீலுக்கு வேறொருவர்தான் குரல் கொடுத்தார். எப்படியும் டப்பிங்தான் என்றால் இத்தாலிய மொழியிலேயே பார்க்க ஆசை. சப்டைட்டிலோடு டிவிடி, ப்ளூ-ரே எதுவானாலும் சரி. யாரிடமாவது இருக்கிறதா? வாங்கும் இடம் தெரிந்தாலும் சொல்லுங்கள்.